பசிபிக் தீவுகளில் தொலைக்காட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பசிபிக் தீவு நாடுகளைப் பற்றி நம் செய்தித்தாள்களில் புயலோ, எரிமலையோ, ரக்பி தங்கப் பதக்கமோ வந்தால்தான் படிக்கிறோம். அங்கே மாலையில் வீட்டில் உட்கார்ந்து மக்கள் என்ன பார்க்கிறார்கள், அதை யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டால் அந்த நாடுகளின் வரலாறும் அரசியலும் சேர்ந்தே வெளியே வருகின்றன. வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

எந்த நாடுகளைப் பற்றிப் பேசுகிறோம்?

பப்புவா நியூ கினி, பிஜி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, சமோவா, டோங்கா, கிரிபட்டி, மைக்ரோனேசியா, மார்ஷல் தீவுகள், பலாவு, நவுரு, துவாலு, குக் தீவுகள், நியுவே ஆகியவை. இவற்றோடு அமெரிக்கச் சமோவா, குவாம் போன்ற அமெரிக்க ஆட்சிப் பகுதிகளும் உண்டு. பப்புவா நியூ கினியில் சுமார் ஒரு கோடிப் பேர் வாழ்கிறார்கள். பிஜியில் ஏறத்தாழ ஒன்பது லட்சம். அதற்குப் பிறகு எண்கள் மளமளவென்று இறங்கிவிடும்: சமோவா இரண்டு லட்சம், டோங்கா ஒரு லட்சம், துவாலு பதினோராயிரம். துவாலு மக்கள் அத்தனை பேரையும் சேப்பாக்கம் மைதானத்துக்கு அழைத்து வந்தாலும் பாதிக்கு மேல் இருக்கைகள் காலியாகக் கிடக்கும். இந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற பதில்கள் எளிதில் புரியும். விளம்பரத்தை நம்பி ஒரு சேனலை நடத்த அந்த ஊரில் எத்தனை கடைகள் இருக்கும்?

வானொலி முன்பே வந்துவிட்டதே. தொலைக்காட்சி மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்?

மத்திய அலை வானொலி கடற்பரப்பை ஒட்டி வெகுதூரம் போகும். ஒரு கோபுரம் ஒரு தீவுக் கூட்டத்துக்கே போதும். தொலைக்காட்சி அலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் பயணிப்பது. தொடுவானத்துக்கு அப்பால் இருக்கும் தீவு அதற்குத் தெரியாது. எரிமலைத் தீவுகளில் உயரமான மலை இருக்கும். அதன் உச்சியில் கோபுரத்தை நட்டால் ஒரு பக்கம் தெளிவாகப் பிடிக்கும், மறுபக்கத்துக் கிராமம் மலையின் மறைவில் மாட்டிக்கொள்ளும். பவளத் தீவுகளில் பிரச்சினை நேர்மாறானது. நிலம் கடல் மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர்தான் என்பதால் கோபுரத்தை நிறுத்த ஒரு மேடுகூடக் கிடைக்காது.

பிஜியில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகள். ஒவ்வொன்றுக்கும் மறு ஒளிபரப்பி வைத்து, டீசல் ஜெனரேட்டருக்குக் கப்பலில் எண்ணெய் அனுப்பி, உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் ஆன்டெனாவை அடிக்கடி மாற்றி, புயல் அடித்த பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு குட்டி நாட்டின் கருவூலம் இதைத் தாங்காது. அதனால்தான் இந்தத் தீவுகளில் தொலைக்காட்சி பெரும்பாலும் வெளியாள் ஒருவர் தம்முடைய காரணத்துக்காகக் கொண்டுவந்து இறக்கிய பொருளாக இருந்திருக்கிறது.

முதலில் எந்தத் தீவில் வந்தது?

அமெரிக்க ராணுவ முக்கியத்துவம் வாய்ந்த குவாமில் 1956இல் வந்துவிட்டது. ஆனால் வியப்பான கதை அமெரிக்கச் சமோவாவினுடையது. 1960களின் தொடக்கத்தில் அங்கே ஆளுநராக வந்த எச். ரெக்ஸ் லீ, பள்ளிக்கூடங்களின் நிலையைப் பார்த்து ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதவில்லை. எனவே சில நல்ல ஆசிரியர்களை ஸ்டூடியோவில் உட்கார வைத்து, அவர்கள் நடத்தும் பாடத்தைத் தொலைக்காட்சி வழியே எல்லா வகுப்பறைகளுக்கும் அனுப்புவது என்பதே அது. 1964இல் ஒளிபரப்பு தொடங்கியது. விரைவில் ஆறு சேனல்கள் இயங்கின. வெவ்வேறு வகுப்புகளுக்கு ஒரே நேரத்தில் பாடம் போக வேண்டுமே!

ஒளிபரப்புக் கோபுரம் நின்றது 491 மீட்டர் உயரமுள்ள அலாவா மலையின் உச்சியில். சாலை இல்லை. பாகோ பாகோ துறைமுகத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை மலைக்கு, தண்ணீருக்கு மேலே கம்பி கட்டி, ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிக நீளத்தில் ஒரு கம்பிவட ஊர்தி அமைத்தார்கள். தொழில்நுட்பப் பணியாளர்கள் வேலைக்குப் போனது அதில்தான்; கீழே துறைமுகத்துக் கப்பல்கள், எதிரே மழைமேகம். 1980 ஏப்ரல் 17இல், கொடி நாள் விழாவுக்காகப் பறந்த அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்று இந்தக் கம்பியில் மோதி விழுந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது.

அந்தக் கல்வித் திட்டம் வெற்றி பெற்றதா?

தொடக்கத்தில் உலகமே திரும்பிப் பார்த்தது. 1966இல் அதிபர் லிண்டன் ஜான்சன் நேரிலேயே வந்தார். வில்பர் ஷ்ராம் போன்ற தகவல் தொடர்பு அறிஞர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஆனால் நாளெல்லாம் பெட்டியைப் பார்த்துப் படிப்பது மாணவர்களுக்கு அலுத்தது. தாங்கள் வெறும் உதவியாளர்களாக நிற்பது வகுப்பறை ஆசிரியர்களுக்குப் பிடிக்கவில்லை. பாடத்தைக் கேட்கும் குழந்தைக்குப் புரியவில்லை என்றால் திரையில் இருப்பவர் நிறுத்தி மறுபடி சொல்லமாட்டார். 1970களில் தொலைக்காட்சிப் பாடங்கள் சுருங்கின. பாடத்துக்காகக் கட்டிய கோபுரத்தில் மாலை வேளைகளில் போட்ட அமெரிக்கத் தொடர்கள் மட்டும் அசையாமல் நிலைத்தன. பெருந்தொற்றுக் காலத்தில் இணைய வகுப்புகளைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பளிக்காது.

இன்னொரு பக்க விளைவும் உண்டு. இந்த ஒளிபரப்பு அண்டை நாடான மேற்குச் சமோவாவின் (இன்றைய சமோவா) உப்போலு தீவிலும் பிடித்தது. சொந்தத் தொலைக்காட்சி 1993இல் வருவதற்கு முன்பே அங்கே பலர் பார்வையாளர்களாகிவிட்டார்கள், அதுவும் அமெரிக்க நிகழ்ச்சிகளுக்கு.

செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் நிகழ்ச்சிகள் எப்படி வந்தன?

பெட்டியில். வீடியோ நாடாக்களை விமானத்திலோ கப்பலிலோ அனுப்பினார்கள். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மைக்ரோனேசியாவின் யாப் தீவு. கல் நாணயங்களுக்குப் பெயர் போன அந்தத் தீவுக்கு 1970களின் இறுதியில் தொலைக்காட்சி வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் சேனல்களில் ஓடியதை அப்படியே பதிவு செய்து, நாடாக்களை அனுப்பிவைத்தார்கள். விளம்பரங்களையும் வெட்டவில்லை. யாப்பில் விற்காத கார், யாப்பில் இல்லாத பல்பொருள் அங்காடி, என்றோ முடிந்துபோன தள்ளுபடி விற்பனை என்று எல்லாவற்றையும் தென்னை மரத்தடியில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அங்கே ஒரு சேனலைத் திறந்துவைப்பதில் யாருக்கு என்ன ஆதாயம் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அந்தத் தீவுகளின் அரசியல் எதிர்காலத்தை அமெரிக்காவோடு பேசி முடிவு செய்துகொண்டிருந்த காலம் அது என்பதால் அந்தச் சந்தேகத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

பப்புவா நியூ கினி பெரிய நாடாயிற்றே. அங்கும் தாமதம்தானா?

ஆம், 1987 வரை. அது திட்டமிட்ட தாமதம்கூட. எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் நாட்டில் வெளிநாட்டு நிகழ்ச்சிகள் வந்து குவியும் என்று அஞ்சி, தொலைக்காட்சியைத் தள்ளிப்போட அரசு சட்டமே இயற்றிப் பார்த்தது. நிற்கவில்லை. ஆஸ்திரேலிய நிறுவனங்களின் பின்புலத்தோடு ஒரே ஆண்டில் இரண்டு சேனல்கள் வந்தன. ஒன்று சீக்கிரமே மூடிவிட, இ.எம். டிவி நிலைத்தது. அரசின் சொந்தச் சேனலான குண்டு 2 வந்தது 2008இல்தான்.

பிஜியில் ரக்பிக்காகத்தான் தொலைக்காட்சி வந்தது என்பது உண்மையா?

உண்மை. 1980களில் பிஜியில் ஒளிபரப்பு கிடையாது. ஆனால் வீடியோ கடைகள் இருந்தன, இந்திப் படங்களின் நாடாக்கள் வாடகைக்கு ஓடின. 1987 ராணுவப் புரட்சியில் நாடே தலைகீழானதால் தொலைக்காட்சி பற்றிய பேச்சும் அடங்கியது. 1991 அக்டோபரில் ரக்பி உலகக் கோப்பை நெருங்கியபோது இனிப் பொறுக்க முடியாது என்றாகிவிட்டது. நியூசிலாந்தின் பொதுத் தொலைக்காட்சி நிறுவனம் தற்காலிக ஒளிபரப்பை அமைத்துக் கொடுத்தது. நாடு முதன்முதலாக நேரலையில் உட்கார்ந்து பார்த்த அந்தத் தொடரில் பிஜி அணி கனடா, பிரான்ஸ், ருமேனியா என்று தன் பிரிவில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. மக்கள் சோர்ந்துபோனதாகத் தெரியவில்லை; தற்காலிகமாக வந்த தொலைக்காட்சி திரும்பிப் போகவே இல்லை.

1994இல் பிஜி டெலிவிஷன் நிறுவனம் தொடங்கி, பிஜி ஒன் சேனல் நிரந்தரமாயிற்று. நீண்ட காலம் போட்டியே இல்லை. 2008இல் மை டிவியும், 2011இல் பிஜி ஒலிபரப்புக் கழகத்தின் சேனலும் சேர்ந்துகொண்டன.

ரக்பியின் பிடி இன்னும் தளரவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பி இறுதிப் போட்டியில் பிரிட்டனை 43–7 என்று வீழ்த்தி நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை, அதுவும் தங்கமாக, வென்றபோது அரசு பொது விடுமுறை விட்டது. மறு ஆண்டு ஏழு டாலர் நோட்டு ஒன்றையே அச்சிட்டார்கள். அந்தத் தங்கம் கிடைத்தது, வின்ஸ்டன் புயல் வீடுகளைச் சுருட்டிக்கொண்டு போய் ஆறு மாதம்கூட ஆகியிராத நேரத்தில்.

தொலைக்காட்சி வந்ததும் பிஜி இளம்பெண்கள் மெலிய ஆசைப்பட்டார்கள் என்று ஓர் ஆய்வு சொல்கிறதாமே?

இந்தப் பிரதேசத்தின் தொலைக்காட்சியைப் பற்றி உலகம் அதிகம் மேற்கோள் காட்டும் ஆய்வு இதுதான். அதிகம் திரித்துச் சொல்வதும் இதைத்தான். ஹார்வர்டைச் சேர்ந்த மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆன் பெக்கர், பிஜியின் நட்ரோகா பகுதியில் ஆய்வு செய்தவர். உருண்டு திரண்ட உடம்பே அழகு, ஒருவர் இளைத்துவிட்டால் அவரை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை என்று பொருள் என்ற மரபு அங்கே இருந்தது. விருந்தாளியை வாசலிலேயே நிறுத்தி 'வந்து சாப்பிடு' என்று அழைக்கும் ஊர்.

1995இல் அந்தப் பகுதிக்குத் தொலைக்காட்சி வந்த சில வாரங்களில் 63 பள்ளி மாணவிகளிடம் உணவுப் பழக்கம் பற்றிய கேள்வித்தாளைக் கொடுத்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1998இல், 65 மாணவிகளிடம் அதையே கொடுத்தார். கவலைக்குரிய மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். எடை குறைப்பதற்காக வேண்டுமென்றே வாந்தி எடுப்பது 1995இல் ஒருவரிடமும் இல்லை, 1998இல் 11.3 சதவீதம். தாம் குண்டாக இருப்பதாகச் சில நேரமாவது எண்ணியவர்கள் 74 சதவீதம். ஆய்வு 2002இல் வெளியானது.

எண்கள் திடுக்கிட வைக்கின்றன. ஆனால் அவற்றைக் கையாளும்போது நிதானம் வேண்டும். இரண்டு முறையும் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் வெவ்வேறு மாணவிகள், எண்ணிக்கையும் சிறியது. அதே ஆண்டுகளில் கூலி வேலை, நகரம், சுற்றுலா விடுதி என்று வாழ்க்கையே மாறிக்கொண்டிருந்தது. திரையில் வந்த அமெரிக்கப் பெண்களைப் போல இருந்தால் வேலை கிடைக்கும் என்று எண்ணிய பெண்களும் இருந்தார்கள். அங்கே அழகோடு பிழைப்பும் கலந்திருக்கிறது. 2011இல் பெக்கர் குழு வெளியிட்ட இன்னோர் ஆய்வு, தான் பார்ப்பதைவிடத் தன் தோழிகள் எதைப் பார்க்கிறார்கள் என்பதே ஒரு பெண்ணின் உணவுப் பழக்கத்தோடு அதிகம் பிணைந்திருக்கிறது என்றது. 'பெட்டி வந்தது, பெண்கள் பட்டினி கிடந்தார்கள்' என்று ஒற்றை வரியில் சொல்வது தலைப்புக்கு உதவும், உண்மைக்கு உதவாது.

அரசியல் தலையீடு உண்டா?

பிஜியைப் பொறுத்தவரை தாராளமாக உண்டு. 2000 மே மாதம் ஜார்ஜ் ஸ்பைட் தலைமையில் கிளர்ச்சியாளர்கள் நாடாளுமன்றத்தைக் கைப்பற்றி உறுப்பினர்களைப் பணயம் வைத்திருந்தபோது, பிஜி ஒன்னின் நடப்பு நிகழ்வு நிகழ்ச்சி ஒன்றில் அவரைக் கடுமையாக விமர்சித்தார்கள். அன்றிரவே, மே 28இல், ஸ்பைட்டின் ஆதரவாளர்கள் கும்பலாக நிலையத்துக்குள் புகுந்து கருவிகளை நொறுக்கினார்கள். ஒரு காவலர் சுடப்பட்டு இறந்தார். ஒளிபரப்பு நின்றது.

2009 ஏப்ரலில் நடந்தது வேறு விதம். அரசியல் சட்டத்தை ரத்து செய்த அரசு, செய்தி அறைகளுக்குத் தணிக்கை அதிகாரிகளை அனுப்பியது. வெட்டப்பட்ட செய்தியை வாசிக்க பிஜி ஒன் மறுத்துவிட்டது. ஆறு மணிக்குச் செய்தி வர வேண்டிய இடத்தில், இன்று செய்தி கிடையாது என்ற அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது. நாளிதழ் ஒன்று வெற்றுக் கட்டங்களோடு வெளிவந்தது. மறு ஆண்டு வந்த ஊடக ஆணை அபராதமும் சிறையும் காட்டி மிரட்டியது. அது நீக்கப்பட்டது 2023இல்.

இப்போது தீவுகளுக்கு நிகழ்ச்சிகள் எப்படிப் போகின்றன?

செயற்கைக்கோள் வழியாக. பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஒரு கோளின் வீச்சுக்குள் பசிபிக்கின் பெரும்பகுதி அடங்கிவிடும். பிஜி டெலிவிஷன் 2005இல் தொடங்கிய ஸ்கை பசிபிக் என்ற கட்டணச் சேவை இப்படித்தான் பல நாடுகளுக்குப் போனது. 2016இல் அதை டிஜிசெல் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் வாங்கியது. 2022இல் டிஜிசெல்லின் பசிபிக் பிரிவை ஆஸ்திரேலியத் தொலைத்தொடர்பு நிறுவனமான டெல்ஸ்ட்ரா 160 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதில் 133 கோடி ஆஸ்திரேலிய அரசு கொடுத்த பணம். சீன நிறுவனம் எதுவும் முந்திக்கொள்ளக் கூடாது என்ற கவலைதான் காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் நிகழ்ச்சிகளை இலவசமாகக் கொடுப்பது ஏன்?

அன்பும் உண்டு, அச்சமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் சர்வதேசத் தொலைக்காட்சி 1993இல் தொடங்கியதிலிருந்து ஆட்சிக்கு ஆட்சி பெயரும் பணமும் மாறி அல்லாடியது. 2014 பட்ஜெட்டில் ஆஸ்திரேலியா நெட்வொர்க்கை நிறுத்தினார்கள். 2017 ஜனவரியில் சிற்றலை வானொலியையும் மூடினார்கள்; அது விட்டுப்போன அலைவரிசைகள் சிலவற்றில் சீன வானொலி வந்து உட்கார்ந்தது. அதன் பிறகுதான் கான்பெராவுக்கு விழிப்பு வந்தது. 2020இல், மூன்றாண்டுக்கு 1.71 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கி, அங்குள்ள தனியார் சேனல்களின் நாடகங்களையும் சமையல் போட்டிகளையும் தீவுச் சேனல்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். நியூசிலாந்து 2016 முதல் பசிபிகா டிவி மூலம் இதைச் செய்துவருகிறது. பயிற்சியும் கருவிகளும் சேர்த்துக் கொடுப்பதால் அந்தத் திட்டம் எனக்குக் கொஞ்சம் மேலாகத் தெரிகிறது.

இலவச நிகழ்ச்சி வேண்டாம் என்று எந்தக் குட்டிச் சேனலும் சொல்லாது. ஆனால் சிட்னி வீட்டு அலங்காரப் போட்டி எத்தனை மணி நேரம் ஓடினாலும், வெளித்தீவில் மருந்து தீர்ந்துபோனது செய்தியாக வராது. அதற்கு ஒரு நிருபர், ஒரு கேமரா, படகுக்கு எண்ணெய் வேண்டும். அந்தச் செலவுக்குக் கொடையாளிகள் கிடைப்பதுதான் அரிது.

பல வீடியோ தளங்களின் இணைய முகவரி 'டாட் டிவி' என்று முடிகிறதே. அது துவாலுவின் முகவரியா?

ஆம். துவாலுவின் இணைய நாட்டுக் குறியீடு தற்செயலாக அப்படி அமைந்தது. முதலில் வந்த உரிமப் பணத்தின் உதவியோடு துவாலு 2000இல் ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தது. இன்று அந்த வருமானம் அரசுக்கு ஒரு முக்கியத் தூண். முகவரியை உலகத்துக்கு வாடகைக்கு விடும் அந்த நாட்டில், மக்கள் பெரும்பாலும் பார்ப்பது வெளிநாட்டுச் செயற்கைக்கோள் சேனல்களை.

பிஜியில் தமிழர்கள் இருக்கிறார்களே. தமிழ் நிகழ்ச்சிகள் உண்டா?

தொலைக்காட்சியில் இந்திய மொழி என்றால் அங்கே பெரும்பாலும் இந்திதான். 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாக 60,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆள் ஏற்றியது 1903இல் தொடங்கியது. தமிழர், தெலுங்கர், மலையாளிகளின் வழிவந்தவர்கள் இன்று வீட்டில் பேசுவது பெரும்பாலும் பிஜி இந்தி. 1926இல் சாது குப்புசாமி தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிகளையும் கோயில்களையும் நடத்திவருகிறது. பிஜி ஒன் தன் உள்ளூர் நிகழ்ச்சிகளைப் பிரித்த விதமும் இதைக் காட்டும்: பூர்வகுடி பிஜியர்களுக்கு 'வொகா நி தவுய்', இந்திய வம்சாவளியினருக்கு இந்தியில் 'ஜரோகா'.

சர்வதேசத் தேதிக்கோடு நிகழ்ச்சி நிரலைக் குழப்புமா?

நன்றாகவே குழப்பும். 2011 டிசம்பரில் சமோவா கோட்டின் மறுபக்கத்துக்குத் தாவியது. 30ஆம் தேதி வெள்ளிக்கிழமை அங்கே விடியவே இல்லை. அமெரிக்கச் சமோவா பழைய பக்கத்திலேயே இருக்கிறது. சனிக்கிழமை ஆட்டத்தைச் சமோவாவின் தலைநகர் அப்பியாவில் இருப்பவர் பார்க்கும் அதே நொடியில், பாகோ பாகோவில் இருக்கும் உறவினருக்கு அது வெள்ளிக்கிழமை.

இணையம் வந்த பிறகு இந்தச் சேனல்கள் தாக்குப்பிடிக்குமா?

கடலடிக் கேபிளும் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்கும் வந்துவிட்டன. இளைஞர்கள் செல்பேசிக்குப் போய்விட்டார்கள். ஆனால் 2022 ஜனவரி 15இல் ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்துக் கேபிள் அறுந்தபோது, டோங்காவின் வெளிநாட்டுக் கேபிள் இணைப்பு மீள ஐந்து வாரங்கள் ஆயின. வெளித்தீவுகளுக்கான உள்நாட்டுக் கேபிளைச் சரிசெய்ய ஓராண்டுக்கும் மேல் பிடித்தது. அப்படிப்பட்ட நாட்களில் பயன்படுவது உள்ளூர் ஒளிபரப்புக் கோபுரம்தான், அதற்கு மின்சாரம் இருந்தால். வானொலியை எந்தத் தீவு நாடும் கைவிடாததற்கும் இதே காரணம்.

இந்தச் சேனல்களை நாம் இங்கிருந்து பார்க்க முடியுமா?

முடியும். பிஜி ஒலிபரப்புக் கழகம், இ.எம். டிவி உட்படப் பல நிலையங்கள் செய்திகளை ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் போடுகின்றன. ஆக்லாந்திலும் சிட்னியிலும் வாழும் தீவு மக்கள்தான் அவற்றின் பெரிய வெளிநாட்டுப் பார்வையாளர்கள். விளையாட்டு நேரலைகள் உரிமச் சிக்கலால் இங்கே திறக்காமல் போகலாம். செய்திகளைப் பார்க்க நினைப்பவர்கள் நேர வித்தியாசத்தைக் கணக்கில் கொள்ளவும்: பிஜியின் தலைநகர் சுவாவில் மாலை ஆறு மணி என்றால் சென்னையில் காலை பதினொன்றரை.